தப்பு இருக்கிறது என்று தெரிகிறது, எங்கே என்றுதான் தெரியவில்லை

ஒருவர் வாதாடும்போது அதில் ஏதோ பிசகு இருப்பதாக மனதுக்குப் படுகிறது, ஆனால் ‘இதுதான் பிசகு’ என்று சொல்ல வரவில்லை, தர்க்கப் பிழைகளின் பட்டியலை மனப்பாடம் செய்தும் அந்த நேரத்தில் கைகொடுக்கவில்லை, என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். பிழைகளின் பெயர்களைப் பலரும் எழுதியிருக்கிறார்கள், அவற்றை நீங்களும் படித்துவிட்டீர்கள். உங்களுக்குத் தேவைப்படுவது பிழை கண்ணில் படுவதற்கான பழக்கம். கல்லூரியில் பல வருடங்கள் தர்க்கம் கற்பித்தேன், மாணவர் விவாதப் போட்டிகளில் நடுவராகவும் உட்கார்ந்திருக்கிறேன். அந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

பட்டியல் ஏன் கைகொடுப்பதில்லை என்பதை ஒரு போட்டியில் கண்ணெதிரே பார்த்தேன். ஒரு மாணவர் ஓர் ஆய்வறிக்கையை ஆதாரமாகக் காட்டினார். எதிரணி மாணவி, ‘அந்த ஆய்வுக்குப் பணம் கொடுத்ததே அந்தப் பொருளைத் தயாரிக்கிற நிறுவனம்தான். அதனால் வேறு யாராவது தனியாக ஆராய்ந்து இதே முடிவுக்கு வந்திருக்கிறார்களா என்று பார்த்துவிட்டுத்தான் ஏற்க வேண்டும்’ என்றார். அறிக்கையைக் காட்டிய மாணவர் சட்டென்று எழுந்து, ‘கருத்தை விட்டுவிட்டு ஆளைத் தாக்குகிறீர்கள், இது தர்க்கப் பிழை’ என்றார். அரங்கில் நல்ல கைதட்டல். ஆனால் அந்த மாணவி சொன்னதில் பிழை எதுவும் இல்லை. பணம் கொடுத்தவருக்கு ஆதாயம் இருக்கிறது என்பது, இன்னொரு முறை சரிபார்க்கச் சொல்வதற்குப் போதுமான காரணம். ‘அதனால் அந்த அறிக்கை பொய்’ என்று அவர் சொல்லியிருந்தால் அது பிழை. காரணம் ஒன்றேதான். ஒரு முடிவை அது தாங்கும், இன்னொரு முடிவைத் தாங்காது. மனப்பாடப் பட்டியலில் இந்த வித்தியாசம் தெரியாது. பிழை காரணத்தில் மட்டும் இருப்பதில்லை, முடிவில் மட்டும் இருப்பதும் இல்லை. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவும் இடத்தில் இருக்கிறது. பார்வை அங்கே போக வேண்டும்.

அதற்கு முதல் வேலை, அவர் நம்மை எதை ஏற்கச் சொல்கிறார் என்பதை ஒரே வாக்கியமாக நேராக்கிக்கொள்வது. பேச்சில் ‘ஆகவே’ என்ற சொல் பெரும்பாலும் வெளியே வராது. ‘இத்தனை வருஷமா இப்படித்தானே செய்றோம், இப்ப எதுக்கு மாத்தணும்?’ என்கிறார் ஒருவர். முடிவு கேள்வி வடிவத்தில் ஒளிந்திருக்கிறது. நேராக்கினால்: இத்தனை வருடமாக இப்படிச் செய்கிறோம், ஆகவே இதை மாற்றக் கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவில் சொல்லப்படாத ஒரு வாக்கியம் இருந்தாக வேண்டும், இல்லாவிட்டால் இரண்டும் ஒட்டாது. ‘நெடுநாள் செய்துவருவதெல்லாம் சரியானது’ என்பது அந்த வாக்கியமா? அதை வெளியே எடுத்து வைத்தால் சொன்னவரே ஒப்புக்கொள்ளமாட்டார். ஒருவேளை, ‘நெடுநாள் ஓடிக்கொண்டிருக்கும் ஒன்றை மாற்றினால் எதிர்பாராத சிக்கல் வரும்’ என்பதாக இருக்கலாம். அது பிழையே இல்லை, யோசிக்க வேண்டிய விஷயம். இரண்டில் எதை நினைத்துப் பேசினார் என்பதை அவரிடம் கேட்டால்தான் தெரியும். கேட்காமல் ‘பிழை’ என்று முத்திரை குத்துவது அவசரம்.

நடு வாக்கியம் சட்டென்று பிடிபடவில்லை என்றால் இன்னொரு வழி: அதே சட்டகத்தில் வேறு சரக்கைப் போட்டுப் பாருங்கள். ‘இது பொய் என்று யாராலும் நிரூபிக்க முடியவில்லை, அதனால் இது உண்மை’ என்று ஒருவர் சொன்னால், அவருக்கு நேர் எதிரான கருத்துடையவரும் அதே வாக்கியத்தை அப்படியே சொல்லலாம் என்பதைக் கவனியுங்கள். ஒரே காரணம் இரண்டு எதிரெதிர் முடிவுகளுக்கும் சமமாகப் பொருந்துகிறது என்றால் அது எந்த முடிவையும் தாங்கவில்லை. அதே சமயம், உன்னிப்பாகத் தேடியும் கிடைக்கவில்லை என்பது வேறு. ஓர் அறையை மூலைமுடுக்கெல்லாம் தேடியும் சாவி அகப்படவில்லை என்றால் ‘சாவி இங்கே இல்லை’ என்று சொல்வது நியாயம்தான். தேடியது எவ்வளவு என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

அடுத்து, சொல் நழுவும் இடம். தமிழில் இதற்கு அருமையான உதாரணம் நம் வாயிலேயே தினமும் புழங்குகிறது. ‘எல்லோரும் வரவில்லை’ என்கிறோம். ஒருவர் கூட வரவில்லை என்றும் பொருள் கொள்ளலாம், சிலர் வந்தார்கள் சிலர் வரவில்லை என்றும் பொருள் கொள்ளலாம். ‘இந்த மருந்து எல்லோருக்கும் வேலை செய்யவில்லை’ என்று ஒரு மருத்துவர் சொன்னதைக் கேட்டு, ‘யாருக்குமே வேலை செய்யாத மருந்தை ஏன் விற்கிறார்கள்?’ என்று ஒருவர் கொந்தளித்தால், கோபத்தில் தவறில்லை, நடுவில் வாக்கியத்தின் பொருள் மாறிவிட்டது. இதைவிட நுட்பமாக நழுவும் சொல் ‘இயற்கை’. ‘இது இயற்கையானது’ என்று தொடங்கும்போது மனிதன் செய்யாதது என்று பொருள். ‘அதனால் கெடுதல் செய்யாது’ என்று முடிக்கும்போது நல்லது என்ற பொருள் வந்து ஒட்டிக்கொள்கிறது. பாம்பின் நஞ்சும் மனிதன் செய்யாததுதான். வாதத்தின் நடுநாயகமான சொல் எதுவோ, அதைத் தொடக்கத்திலும் முடிவிலும் அடிக்கோடிட்டு, இரண்டு இடத்திலும் அதே பொருள்தானா என்று பாருங்கள். இந்தப் பழக்கம் ஒன்றே பாதிப் பிழைகளைக் காட்டிக்கொடுத்துவிடும் என்பது என் அனுபவம். இந்தியத் தர்க்க மரபான நியாய தரிசனத்தில், சொல்லின் பொருளை இப்படி மாற்றி மறுப்பதற்குச் சலம் என்று பெயர். அங்கே சொல்லப்படும் உதாரணம் வடமொழியின் ‘நவ’ என்ற சொல். அதற்குப் புதிய என்றும் பொருள், ஒன்பது என்றும் பொருள். ‘இவரிடம் நவ கம்பளம் இருக்கிறது’ என்று, புதிய கம்பளம் என்ற பொருளில் ஒருவர் சொல்கிறார். ‘ஒன்பது எங்கே இருக்கிறது, ஒன்றுதானே இருக்கிறது’ என்று மற்றவர் மறுக்கிறார்.

காரண காரியத்தில் நடக்கும் பிழை எல்லோருக்கும் தெரியும். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. ஒன்றுக்குப் பின் ஒன்று நடந்ததால் முன்னது பின்னதற்குக் காரணம் ஆகிவிடாது. இதுவரை சந்தேகம் இல்லை. ஆனால் ‘இரண்டும் சேர்ந்து வருவதாலேயே ஒன்று மற்றதற்குக் காரணம் என்று சொல்ல முடியாது’ என்ற வாக்கியத்தை இன்று பலர் வாயடைக்கும் ஆயுதமாக வைத்திருக்கிறார்கள். அது எங்கே போய் நிற்கும் என்பதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1950-இல் ரிச்சர்ட் டால், ஆஸ்டின் பிராட்ஃபோர்ட் ஹில் என்ற இரு பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் நுரையீரல் புற்றுநோய் கண்ட 709 பேரையும் வேறு நோய்களுக்காக மருத்துவமனையில் இருந்த 709 பேரையும் ஒப்பிட்டு, புகைப்பழக்கத்துக்கும் இந்த நோய்க்கும் தொடர்பு இருக்கிறது என்று எழுதினார்கள். அதை எதிர்த்தவர் சாதாரண ஆள் இல்லை. நவீன புள்ளியியலை உருவாக்கியவர்களில் ஒருவரான ரொனால்ட் ஃபிஷர். புகைக்கும் ஆசையையும் புற்றுநோயையும் சேர்த்தே தரும் மரபுக்கூறு ஏதாவது இருக்கலாம், சிகரெட்தான் காரணம் என்று எப்படிச் சொல்கிறீர்கள் என்று 1950-களின் பிற்பகுதியில் கேட்டார்.

கேள்வி நியாயமானது. பதில் எப்படி வந்தது என்பதுதான் நாம் கற்க வேண்டியது. 1959-இல் ஜெரோம் கார்ன்ஃபீல்டும் அவருடைய சகாக்களும் ஒரு கணக்குப் போட்டார்கள். புகைப்பவர்களுக்கு இந்த நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைப் போல் சுமார் 9 மடங்கு. சிகரெட் ஒரு பாவமும் செய்யவில்லை, எல்லாவற்றுக்கும் மறைந்திருக்கும் அந்தக் கூறுதான் காரணம் என்றால், அது புகைப்பவர்களிடம் மற்றவர்களைவிட 9 மடங்காவது அதிகமாகக் காணப்பட வேண்டும். அவ்வளவு வலுவான ஒன்றை யாராலும் காட்ட முடியவில்லை. ‘வேறு காரணம் இருக்கலாமே’ என்ற வெறும் சாத்தியத்தை, ‘இருந்தால் இத்தனை பெரிதாக இருக்க வேண்டும், காட்டுங்கள்’ என்று அளக்கக்கூடிய கேள்வியாக மாற்றிவிட்டார்கள். ஃபிஷர் தாமே குழாய் புகைப்பவர், புகையிலை உற்பத்தியாளர்களின் குழுவுக்கு ஆலோசகராகவும் இருந்தார். அதைச் சொல்லிக் காட்டியவர்கள் உண்டு. அவருடைய வாதத்தைக் கூடுதல் கவனத்தோடு படிக்க அது காரணம். வாதத்தை முறிக்க அது போதாது, முறித்தது அந்த 9 மடங்குக் கணக்குதான்.

ஆளை நோக்கிப் பேசுவதில் இன்னொரு வகை ‘நீ மட்டும் யோக்கியமா?’ என்பது. புகைக்கிற மருத்துவர் புகைக்காதே என்று சொன்னால், அவர் புகைப்பது அவருடைய மன உறுதியைப் பற்றி ஏதோ சொல்கிறது, நுரையீரலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் ஒருவர் தன் நேர்மையையே ஆதாரமாக முன்வைத்து ‘என்னை நம்புங்கள்’ என்று கேட்டால் கதை வேறு. அங்கே அவர் யோக்கியரா என்று கேட்பது பேச்சுக்கு உள்ளே வரும் கேள்விதான்.

எனக்கு மிகவும் கவலை தரும் பிழை, நிபந்தனையைத் திருப்பிப் போடுவது. மழை பெய்தால் முற்றம் நனையும். முற்றம் நனைந்திருக்கிறது, ஆகவே மழை பெய்தது. இந்த வடிவில் தவறு உடனே தெரிகிறது, யாராவது தண்ணீர் தெளித்திருக்கலாம். எண்களின் உடையில் வந்தால் நீதிமன்றத்துக்கே தெரியாமல் போகிறது. இங்கிலாந்தில் சாலி கிளார்க் என்ற வழக்கறிஞரின் இரண்டு கைக்குழந்தைகளும் அடுத்தடுத்துத் திடீரென்று இறந்தன. 1999-இல் அவர் கொலைக்குற்றவாளி என்று தீர்ப்பானது. அந்த வழக்கில் ஒரு மருத்துவ நிபுணர், அப்படிப்பட்ட குடும்பத்தில் ஒரு குழந்தை காரணம் தெரியாமல் இறக்கும் வாய்ப்பு 8,543-இல் 1, இரண்டும் இறக்கும் வாய்ப்பு அதை அதனாலேயே பெருக்கினால் வரும் சுமார் 7 கோடியே 30 லட்சத்தில் 1 என்று சாட்சியம் சொன்னார். இதில் இரண்டு ஓட்டை. ஒன்று, பெருக்கியதே தவறு. ஒரே வீடு, ஒரே பெற்றோர், ஒரே மரபு என்னும்போது முதல் மரணத்துக்கும் இரண்டாவதற்கும் சம்பந்தமே இல்லை என்று எடுத்துக்கொள்ள ஆதாரம் வேண்டும். இரண்டாவது ஓட்டை இன்னும் பெரிது. ‘தாய் நிரபராதி என்றால் இப்படி நடப்பது அபூர்வம்’ என்பது கேட்பவர் காதில் ‘இப்படி நடந்திருப்பதால் தாய் நிரபராதியாக இருப்பது அபூர்வம்’ என்று விழுகிறது. தாய் தன் இரண்டு குழந்தைகளையும் கொல்வதும் மிக மிக அபூர்வம். இரண்டு அபூர்வங்களையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால்தான் ஏதாவது சொல்ல முடியும். 2001-இல் பிரிட்டனின் ராயல் புள்ளியியல் சங்கம் இந்தக் கணக்கு செல்லாது என்று பகிரங்கமாக அறிக்கை விட்டது. 2003-இல் அவர் விடுதலையானார். எண் தவறு என்பதற்காக மட்டும் விடுவிக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒரு குழந்தையின் ஆய்வக முடிவுகள் சாலி கிளார்க்கின் தரப்புக்குக் காட்டப்படாமல் இருந்தது மேல்முறையீட்டில் முக்கியக் காரணமாக இருந்தது. ஆனாலும் அந்த 7 கோடி என்ற எண்ணைக் கேட்டபின் ஒரு சாமானியரின் மனதில் வேறு எது நின்றிருக்கும்? 2007-இல் அவர் இறந்துவிட்டார். ‘அ என்றால் ஆ’ என்பதை ‘ஆ என்றால் அ’ என்று மாற்றிவிட்டோமா என்று ஒவ்வொரு எண்ணின் முன்னாலும் கேட்கப் பழகுங்கள்.

மற்றவை இவ்வளவு நேரம் கேட்காது. ‘எங்கள் பக்கம் நில், இல்லையென்றால் எதிரியின் பக்கம்’ என்று இரண்டே வழி காட்டினால், மூன்றாவது ஒன்றைச் சொல்லிப் பாருங்கள். முடிந்தால் வாதம் முடிந்தது. எல்லோரும் செய்கிறார்கள் என்பது வழக்கத்தைக் காட்டும், சரியா என்று காட்டாது. ‘இன்று இதை விட்டால் நாளை அது, மறுநாள் எல்லாம் போய்விடும்’ என்ற சரிவு வாதத்தில் ஒவ்வொரு படியையும் தனியாக நிறுத்தி, இதிலிருந்து அடுத்ததற்குப் போவது ஏன் என்று கேளுங்கள். சில சரிவுகள் நிஜமாகவே சரிவுகள்தான், அதனால் சரிவு என்றதுமே பிழை என்று சொல்லிவிட வேண்டாம். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது கூட ஒரே உலையில், ஒரே கொதியில் வெந்ததால் செல்லுபடியாகிறது. மனிதர்கள் ஒரே உலையில் வெந்தவர்கள் அல்ல, அதனால் ஒருவரைப் பார்த்து ஒரு கூட்டத்தைச் சொல்ல முடியாது.

எதிராளி சொல்லாததைச் சொன்னதாகத் திரித்து, அந்தத் திரிபை அடித்து நொறுக்குவதைப் பற்றி மட்டும் கொஞ்சம் நின்று சொல்கிறேன், ஏனென்றால் இதைச் செய்பவருக்குப் பெரும்பாலும் தான் செய்வது தெரியாது. ‘இந்தச் செலவைக் குறைக்கலாம்’ என்று ஒருவர் சொல்ல, ‘அப்ப எல்லாத்தையும் மூடிடலாம்னு சொல்றீங்களா?’ என்று பதில் வருகிறது. என் வகுப்பில் ஒரு விதி வைத்திருந்தேன். மறுப்பதற்கு முன் எதிரணி சொன்னதைத் தன் வார்த்தையில் திருப்பிச் சொல்ல வேண்டும், எதிரணி ‘ஆமாம், அதுதான் நான் சொன்னது’ என்ற பிறகே மறுக்கலாம். முதல் சில வகுப்புகளில் யாராலும் மறுப்புக்கே போக முடியவில்லை. மூன்று நான்கு முறை திருத்திச் சொன்ன பிறகு, பாதிப் பேருக்கு மறுக்க ஒன்றும் மிச்சமில்லை.

இதில் எது உறுதி, எது கருத்து வேறுபாட்டுக்கு உட்பட்டது என்றும் கேட்டிருந்தீர்கள். வடிவத்திலேயே தவறான வாதங்கள், மழையும் முற்றமும் போன்றவை, யார் சொன்னாலும் எங்கே சொன்னாலும் தவறு. அங்கே சந்தேகத்துக்கு இடமில்லை. மற்றவை எல்லாம் சூழலைப் பொறுத்தவை. அரிஸ்டாட்டில் 13 வகை சொன்னார், பின்னால் வந்தவர்கள் கூட்டிக்கொண்டே போனார்கள், எந்தப் பட்டியலும் முழுமையானது என்று துறையில் ஒத்துக்கொள்ளப்படவில்லை. 1970-இல் சார்ல்ஸ் ஹாம்ப்ளின் என்ற ஆஸ்திரேலியத் தத்துவ அறிஞர், பாடப்புத்தகங்கள் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதி வந்த இந்தப் பட்டியல்களுக்குப் பின்னால் ஒழுங்கான கோட்பாடே இல்லை என்று காட்டினார். அந்த விவாதம் இன்றும் நடக்கிறது. முடிவையே காரணமாக வைத்துச் சுற்றிவருவதைப் பிழை என்கிறோம். வடிவ தர்க்கத்தின்படி அதில் ஒரு குறையும் இல்லை, ஒன்று உண்மை என்றால் அதுவே உண்மை என்பது உண்மைதானே. சந்தேகப்படும் ஒருவரை அது ஓர் அங்குலம் கூட நகர்த்தாது என்பதுதான் அதன் குறை.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒருவருடைய வாதம் பிழை என்று கண்டுபிடித்துவிட்டால் அவருடைய முடிவு பொய் என்று ஆகாது. இதை நான் படித்த மிகத் தெளிவான இடம் மணிமேகலை. அதன் 29-ஆவது காதையில் பக்கப் போலி (நிறுவ வந்த கருத்தில் பிழை), ஏதுப் போலி (காரணத்தில் பிழை), திட்டாந்தப் போலி (உதாரணத்தில் பிழை) என்று பிழைகளை வகுத்துச் சொல்லியிருக்கிறது. வாதம்போலத் தோற்றம் தருவதால் போலி. அங்கே வரும் ஓர் உதாரணம்: சத்தம் நிலையில்லாதது, ஏனென்றால் அது கண்ணுக்குத் தெரிகிறது. சொல்கிறவர் பௌத்தத் துறவியான அறவண அடிகள். சத்தம் நிலையில்லாதது என்பது அவருக்கே உடன்பாடான முடிவு. காரணம்தான் இருதரப்பும் ஏற்க முடியாதது. தன் பக்கத்து முடிவுக்கு வரும் கெட்ட காரணத்தையும் போலி என்று எழுதிவைத்திருக்கிறார்கள். இதைச் செய்வது எவ்வளவு கஷ்டம் என்பது முயன்று பார்த்தால் தெரியும். நமக்குப் பிடித்த முடிவோடு ஒரு வாதம் வந்தால் யாரும் அதைக் கதவிலேயே நிறுத்திச் சோதிப்பதில்லை.

நேரில் பேசும்போது பிழையின் பெயரைச் சொல்லாதீர்கள். பெயரைச் சொன்னதும் பேச்சு அந்தப் பெயர் பொருந்துமா என்பதற்குப் போய்விடும், விஷயம் கிடப்பில் விழும். ‘சரி, நீங்க சொன்னது உண்மைன்னே வச்சுக்குவோம், அதிலிருந்து இது எப்படி வருது?’ என்று கேளுங்கள். நேர்மையாகப் பேசுபவர் ஒரு நிமிடம் யோசிப்பார், விட்டுப்போன நடு வாக்கியத்தைத் தருவார், சில சமயம் உங்கள் சந்தேகமே தீர்ந்துவிடும். எந்தப் பதிலுக்கும் அடுத்த ஆட்சேபணை, ஆனால் தன் நிலை என்ன என்று மட்டும் சொல்லமாட்டார் என்றால், நியாய நூல்கள் விதண்டை என்று சொல்வது அதைத்தான். தன் தரப்பை நிறுவாமல் அடுத்தவர் தரப்பை மட்டும் உடைப்பது. நாம் தினமும் சொல்லும் விதண்டாவாதம் அங்கிருந்து வந்தது. அப்படிப்பட்டவரிடம் ‘உங்க கருத்து என்ன?’ என்று ஒருமுறை கேட்டுவிட்டு, பதில் வராவிட்டால் எழுந்து வந்துவிடலாம்.

பயிற்சிக்கு, நீங்கள் முழுக்க ஒத்துக்கொள்ளும் ஒரு தலையங்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள், எதிர்க்கிற ஒன்றை எடுக்க வேண்டாம். ஒவ்வொரு பத்தியிலும் ‘ஆகவே’ வர வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். கோட்டுக்கு இரண்டு பக்கமும் இருப்பதை ஒவ்வொரு வாக்கியமாக ஓரத்தில் எழுதுங்கள், நடுவில் எது விட்டுப்போயிருக்கிறது என்பதையும் எழுதுங்கள். என் மாணவர்களுக்கு ஒரு தலையங்கத்துக்கு முதலில் ஒரு மணி நேரம் ஆனது. பருவத்தின் கடைசியில் படிக்கும்போதே கோடு போட்டுக்கொண்டு போனார்கள்.